பாதிதான் எங்கட வேலை

கண்ணாடி போட்ட பிள்ளைகளைக் கோணேஸ்வரி வாசலிலேயே மறித்துவிடுவார். வணக்கம் சொல்லி முடிவதற்குள் கண்ணாடி அவர் கைக்கு வந்திருக்கும். அதை மேசையில் குப்புற வைத்து, காதில் மாட்டும் இரண்டு காம்புகளும் பலகையில் படிகின்றனவா என்று குனிந்து பார்ப்பார். படியாது. பிள்ளைகளின் கண்ணாடி ஒருநாளும் படிவதில்லை. அதன்மேல் படுத்திருப்பார்கள், தம்பி பிடித்து இழுத்திருப்பான், குளிர்த்தொப்பியோடு சேர்த்துக் கழற்றியிருப்பார்கள். பெருவிரலால் ஒரு காம்பை மெல்ல வளைத்து, திரும்ப வைத்துப் பார்த்து, பிள்ளையின் மூக்கில் ஏற்றிவிட்டு, ஓரடி பின்னால் நின்று பார்ப்பார். "இப்ப சரி. உள்ள போங்கோ" என்பார். அதுவரை பின்னால் வரிசை நிற்கும். தாய்மார் தடித்த ஜாக்கெட்டுக்குள் வேர்த்துக்கொண்டிருப்பார்கள்.

வகுப்பு நடப்பது டோர்செட் பார்க் என்ற குடியிருப்புப் பகுதியில், ஓர் அடுக்குமாடியின் கீழ்த்தளத்துப் பொது அறையில். சனிக்கிழமை காலையில் அங்கே போனால் வெள்ளி இரவு யாரோ கொண்டாடிய பிறந்தநாளின் மிச்சம் இருக்கும். கூரையில் ஒட்டிய ஒரு பலூன், மேசைக்கடியில் கேக் துணுக்கு, ரோல்ஸ் பொரித்த எண்ணெய் வாசம். பாலேஸ்வரி என்ற பெண்மணி நடத்தும் வார இறுதித் தமிழ்ப் பள்ளி அது. எழுத்தும் வாசிப்பும் முடிந்த பிறகு கடைசி ஒரு மணித்தியாலம் கோணேஸ்வரிக்கு. அட்டவணையில் அதற்குக் ‘கணிதமும் கைவேலையும்’ என்று பெயர். பிள்ளைகள் மடிப்பு வகுப்பு என்பார்கள்.

அவர் சொல்லிக்கொடுப்பது ஒன்றே ஒன்றுதான், சமச்சீர். கடதாசிக் கொக்கு செய்யச் சொல்லிக் கேட்கிற பெற்றோர் உண்டு. கொக்கு செய்வதற்கு யூரியூப் இருக்கிறது என்று சிரித்துக்கொண்டே தட்டிவிடுவார். அவருக்கு வேண்டியது ஒரு மடிப்பு, ஒரு பாதிப் படம், ஒரு வெட்டு. பாதி வண்ணத்துப்பூச்சி, பாதிக் குடம், பாதி மேப்பிள் இலை. வெட்டிப் பிரித்தால் முழுசு.

கேட்கச் சுகமாக இருக்கிறது. ஏழு எட்டு வயதுப் பிள்ளைக்கு அது அப்படிச் சுகமல்ல. புதிதாக வருகிறவர்கள் பாதியில் நிறுத்த மாட்டார்கள். மடித்த கடதாசியில் முழு வண்ணத்துப்பூச்சியைப் பென்சிலால் கீறி வெட்டி, இரண்டு பூச்சிகளோடு விழிப்பார்கள். சிலர் திறந்த பக்கத்தில் கீறுவார்கள். வெட்டியதும் இரண்டு செட்டைகளும் ஒட்டாமல் தனித்தனியே விழும். கோணேஸ்வரி முன்கூட்டியே தடுப்பதில்லை. விழட்டும் என்று விட்டுவிட்டு, பிறகு வந்து அருகில் குந்துவார். "மடிஞ்ச பக்கம் முதுகு. முதுகை வெட்டினா ஆள் ரெண்டு துண்டு" என்பார். அந்தப் பிள்ளை அதன்பிறகு வாழ்நாளில் முதுகை வெட்டாது.

மடிப்பதிலும் ஒரு கண்டிப்பு. விளிம்பும் விளிம்பும் முட்ட வேண்டும். முட்டாவிட்டால் அது மடிப்பில்லை, கசக்கல். முட்டியபின் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் நகத்தால் ஓர் இழுவை. அந்தச் சத்தம் கேட்காவிட்டால் அடுத்த வேலைக்குப் போகக்கூடாது. பிரித்த கடதாசியில் மறுபடி கத்தரிக்கோல் வைக்கவே கூடாது. ஒரு காது பெரிதாகிவிட்டது, ஒரு கொம்பு குட்டையாகிவிட்டது என்று திருத்தப் போகிற கையை அவர் பிடித்துக்கொள்வார். "பாதிதான் எங்கட வேலை. மிச்சத்தைக் கடதாசி பார்த்துக்கொள்ளும்." ஒவ்வொரு கிழமையும் சொல்வார். பிள்ளைகள் வாய்க்குள் கூடவே சொல்வார்கள்.

மற்ற நாட்களில் கோணேஸ்வரிக்கு வேறு வேலை. கென்னடி ரோட்டில், புடைவைக் கடைக்கும் பல் வைத்தியருக்கும் நடுவே உள்ள ஒரு கண்ணாடிக் கடையில் பிரேம் பொருத்துகிறார். கண் பரிசோதிப்பவர் ஸ்ரீநிதி, கடையும் அவருடையதுதான். கோயம்புத்தூர்க்காரர். கோணேஸ்வரியைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர், அக்கா என்றுதான் கூப்பிடுவார். பிரேமைச் சூடாக்கி, வளைத்து, காதில் மாட்டிப் பார்க்கிற வேலையில் கோணேஸ்வரி ஆயிரக்கணக்கான முகங்களைக் கிட்ட நின்று பார்த்திருக்கிறார். ஒரு காது மேலே இருக்கும், மூக்கு ஒரு பக்கம் ஒதுங்கும், ஒரு புருவம் மற்றதைவிட இறங்கி நிற்கும். நெற்றியிலிருந்து நாடிவரை கோடு கீறினால் இரண்டு பக்கமும் இரண்டு ஆட்கள் என்று வீட்டில் சொல்வார். வகுப்பில் சொன்னதில்லை. கடையில் பார்ப்பது ஒன்று, பிள்ளைகளுக்குக் காட்டுவது இன்னொன்று.

அவருக்குக் கோணல் பொறுக்காது. போன இடத்தில் சுவர்க் கலண்டர் சரிந்திருந்தால், வீட்டுக்காரர் தேநீர் ஊற்றப் போகும்வரை காத்திருந்து எழும்பி நிமிர்த்துவார். உறவினரைப் பார்க்க விட்பிக்குப் போனால், அங்கே புதிதாகக் கட்டிய வீடுகளைத் திட்டிக்கொண்டே போவார். முகத்தில் ஒரு கண்ணை மட்டும் ஊதவிட்டமாதிரி ஒரு பக்கத்தில் கராஜ் என்பது அவருடைய குறை. கணவர் பிரதாபன் வீடுகளுக்குப் போய், வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸ் திருத்துகிறவர், எந்தச் சபையிலும் பகிடிக்குக் குறைவில்லாத மனிதர். "கோணேஸ்வரி எண்டு பேர் வைச்சாப்பிறகு கோணலோட என்ன கோவம்?" என்று கலியாண வீடுகளில் கேட்பார். திருகோணமலையில் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அவரைக் கோணல் என்று கூப்பிட்டதைத் தெரிந்துகொண்டுதான் கேட்பார். கோணேஸ்வரியும் சிரிப்பார். அது பழகிய பகிடி.

போன தை மாதம் ஒரு காலை, பல் தீட்டி வாய் கொப்பளித்தபோது தண்ணீர் இடப்பக்கக் கடைவாயால் வழிந்து சட்டையை நனைத்தது. இரண்டாம் முறையும் அப்படியே. நிமிர்ந்து பார்த்தார். இடப்பக்க முகம் அசையவில்லை. புருவத்தைத் தூக்கினால் வலது மட்டும் எழும்பியது. கண்ணை மூடினால் இடது மூடவில்லை, வெள்ளை தெரிந்தது.

பிரதாபன் பாரிசவாதம் என்றே நினைத்தார். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம், கையைத் தூக்கிக் காட்டு, காலை அசைத்துக் காட்டு என்று சொல்லிக்கொண்டே ஓட்டினார். கை கால் எல்லாம் அசைந்தன. டொக்டர் இளம் பெண். மூளையில் ஒன்றுமில்லை, முகத்து நரம்பு ஒன்று வீங்கியிருக்கிறது, பெல்ஸ் பால்சி என்று பெயர், ஏன் வருகிறது என்று சரியாகச் சொல்ல முடியாது என்றார். பெரும்பாலானவர்களுக்கு முழுதாக மாறிவிடும், சிலருக்குக் கொஞ்சம் மிச்சம் நிற்கும் என்றும் சொன்னார். குளிசை, கண்ணுக்கு விடும் சொட்டு மருந்து, படுக்கும்போது இமையை மூடி வைக்க ஓர் ஒட்டுநாடா. உறவினர்கள் தொலைபேசியில் வேறு காரணங்கள் சொன்னார்கள். குளிர்காற்றுப் பட்டது என்றார்கள், தலை காயாமல் வெளியே போனாய் என்றார்கள். ஒருவர் கண்ணூறு என்றார். கோணேஸ்வரி எல்லாவற்றுக்கும் ஓம் என்றார்.

கஷ்டம் முகத்தைவிடப் பேச்சில்தான் அதிகம் இருந்தது. உதடு மூடாமல் ‘ப’ வராது என்பதை அவர் அதுவரை யோசித்ததில்லை. ‘ம’வும் வராது. மடிப்பு என்று சொல்லிப் பார்த்தார். காற்றுத்தான் வந்தது. விரலால் இடப்பக்க உதட்டைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு சொன்னால் வந்தது. பிரதாபன் எதிரே இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பழைய பகிடியை அவர் அதன்பிறகு எங்கேயும் சொல்லவில்லை. சொல்லாததைக் கோணேஸ்வரி கவனித்தார். அது அவருக்குப் பகிடியைவிடக் கனமாக இருந்தது.

கடைக்குத் திரும்பிய இரண்டாம் நாளே ஸ்ரீநிதி உள்ளே கூப்பிட்டார். மிகவும் பவ்வியமாகத்தான் கேட்டார். "அக்கா, கொஞ்ச நாள் பின்னாடி லேப்ல இருங்களேன். லென்ஸ் வெட்டுற வேலை நிறைய கிடக்கு. உங்களுக்கும் ரெஸ்ட்டா இருக்கும்." கோணேஸ்வரி தலையாட்டினார். சொன்னதிலும் நியாயம் இருந்தது, சொல்லாமல் விட்டதிலும் நியாயம் இருந்தது. முதல்நாள் ஒரு பெண் பிரேம் மாட்டிப் பார்க்கும்போது கோணேஸ்வரியைப் பார்க்காமல் கண்ணைத் தாழ்த்திக்கொண்டே இருந்தாள், பிரேம் எங்கே நிற்கிறது என்றே கண்டுபிடிக்க முடியவில்லை. முன்மேசையை ஸ்ரீநிதியே பார்த்துக்கொண்டார். பின்னறையில் ஜன்னல் இல்லை. லென்ஸ் வெட்டும் மெஷின் சத்தத்தோடு மாசியும் பங்குனியும் போயின.

சனிக்கிழமை வகுப்பை அவரே நிறுத்தினார். பாலேஸ்வரி பிள்ளைகளுக்குக் காணொளி போட்டுக் காட்டிச் சமாளித்தார். கிழமைக்கு ஒருதரம் தொலைபேசி எடுப்பார். பிள்ளைகள் கேட்கிறார்கள், எப்போது வருவீர்கள் என்பார். சித்திரையில், பேச்சு ஓரளவு திரும்பியபோது, வருகிறேன் என்றார் கோணேஸ்வரி. மறுமுனை சற்றுத் தயங்கியது.

"நல்லது கோணேஸ். ஆனா ஒரு தாய் கேட்டவ... பிள்ளையள் பயந்திடுங்களோ எண்டு. நான் உமக்கு மறைக்கக்கூடாது எண்டு சொல்லுறன்."

எந்தத் தாய் என்று கோணேஸ்வரி கேட்கவில்லை. மாஸ்க் போட்டுக்கொண்டு வருகிறேன் என்றார்.

மாஸ்க்கை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. பிள்ளைகளுக்கு அது பழக்கம். வாசலில் கண்ணாடிகளை வாங்கி வளைத்துக் கொடுத்தார், மேசைகளுக்கு வந்தார், கடதாசியை நீட்டினார். அன்று முகம் வெட்டுவதாக இருந்தது. பாதி முகம், பிரித்தால் முழு முகம். தை மாதத்திலேயே போட்டு வைத்த பாடம். மாற்றிக் குடத்தைக் கொடுக்கலாமா என்று காலையில் யோசித்தார். குடம் வெட்டி முடித்தாயிற்று. விட்டுவிட்டார்.

ஆனால் அவர் சொல்வது ஒருவருக்கும் விளங்கவில்லை. பாதி தேறிய உதட்டுக்கு மேலே துணியும் மறைத்தால் என்ன கேட்கும்? மடிக்கச் சொன்னால் வெட்டினார்கள். நெற்றியைக் கீறச் சொன்னால் நிமிர்ந்து பார்த்தார்கள். முன்வரிசையில் நிலாணி என்றொரு பிள்ளை, எட்டு வயது, எதையும் மனதில் வைத்திருக்கத் தெரியாதவள். கையை உயர்த்திவிட்டு, கை இறங்குமுன் சொன்னாள். "மிஸ், ஐ காண்ட் ஹியர் யூ. மாஸ்க்கைக் கழட்டுங்கோ."

கோணேஸ்வரி அறையின் பின்பக்கம் பார்த்தார். பாலேஸ்வரி தேநீர்க் கோப்பையோடு நின்றார். கோணேஸ்வரி மாஸ்க்கைக் கழற்றி மடித்துப் பையில் வைத்தார்.

ஒரு பிள்ளை பக்கத்துப் பிள்ளையின் கையைப் பிடித்தது. நிலாணி எழும்பி, மேசையைச் சுற்றி வந்து, கிட்ட நின்று பார்த்தாள்.

"நோகுதா?"

"இல்லை. நான் சொல்லுறது முகத்தில அந்தப் பக்கத்துக்குக் கேக்குதில்லை."

"ஃபொர் எவர்?"

"தெரியாது."

அவள் யோசித்தாள். பிறகு ஓகே என்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள். பின்வரிசையிலிருந்து ஒருவன் தன் மாமாவுக்குக் கால் அப்படி என்றான். இன்னொருத்தி தன் வீட்டுப் பூனைக்கு ஒரு காது அப்படி என்றாள். கொஞ்ச நேரம் எல்லோரும் தங்களுக்குத் தெரிந்த கோணல்களைச் சொன்னார்கள். கோணேஸ்வரி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, சரி, விளிம்பும் விளிம்பும் என்றார். அறை முழுவதும் நகம் இழுக்கும் சத்தம் எழுந்தது.

முகங்கள் நன்றாகவே வந்தன. பிரித்துப் பிரித்து மேசையில் வைத்தார்கள். எல்லாம் நேர் முகங்கள், ஒன்றைப்போல் ஒன்று. நிலாணி தன்னுடையதைத் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு கத்தரிக்கோலை எடுத்து, பிரித்த கடதாசியில் ஒரு கன்னத்தில் மட்டும் சின்னதாக ஓர் ஓட்டை போட்டாள்.

பக்கத்தில் இருந்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த அறையில் அதைச் செய்தவர்கள் இல்லை. கோணேஸ்வரி வந்தார். வழக்கமாகப் பிடிக்கிற கை பாதிவழியில் நின்றது.

"உது என்ன?"

"என்ர கன்னத்துக் குழி. எனக்கு ஒரு சைட்லதான் வரும்." சிரித்துக் காட்டினாள். உண்மைதான், வலக் கன்னத்தில் மட்டும். "இது இல்லாட்டி இது நானில்லை, மிஸ். இட்ஸ் நோபடி."

கோணேஸ்வரி கடதாசியைப் பார்த்தார். பிள்ளையைப் பார்த்தார். பிறகு, கடையில் பார்க்கிற மாதிரி, அவளுடைய நாடியை இரண்டு விரலால் நிமிர்த்தி, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"உன்ர வலது காது ஒரு துளி மேல. அதையும் வெட்டு."

அதன்பிறகு வகுப்பு வகுப்பாக இருக்கவில்லை. எனக்கு மிஸ், எனக்கு மிஸ் என்று சூழ்ந்துகொண்டார்கள். ஒவ்வொரு முகமாக நிமிர்த்திப் பார்த்தார். உனக்கு இடது புருவம் இறக்கம். உனக்கு மூக்கு கிழக்குப் பக்கம் போகுது. உனக்கு ஒரு கண் மற்றதைவிடச் சின்னது, கண்ணாடி போட்டால் தெரியாது. பிள்ளைகள் குறை கேட்பதுபோல் கேட்கவில்லை, பரிசு வாங்குவதுபோல் வாங்கிக்கொண்டு ஓடினார்கள். ஒரு பிள்ளைக்கு மட்டும் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தது. அவன் அழுகிற மாதிரி நின்றான். கோணேஸ்வரி வெகுநேரம் தேடி, அவனுடைய உச்சியில் மயிர்ச்சுழி ஒரு பக்கமாக இருப்பதைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். அழைத்துப்போக வந்த தாய்மார் வாசலில் நின்றார்கள். அவர்களில் கேள்வி கேட்ட தாய் யார் என்று அவர் தேடவில்லை, தேட நேரமும் இல்லை.

அடுத்த கிழமை மறுபடி வண்ணத்துப்பூச்சி. பிரித்த கடதாசியில் கத்தரி வைக்கக்கூடாது என்ற சட்டமும் மறுபடி வந்தது. முகத்துக்கு மட்டும் விலக்கு என்றார். பூச்சிக்கு ஏன் இல்லை என்று நிலாணி கேட்டாள். பூச்சி பறக்க வேண்டும் என்றார். அந்தப் பதிலில் அவருக்கே முழுத் திருப்தி இல்லை, ஆனால் அதற்குமேல் போகவும் இல்லை.

கோடை வந்தபோது முகம் முக்கால்வாசி திரும்பியிருந்தது. மிச்சம் நின்றுவிட்டது. புதிதாக ஒன்றும் சேர்ந்திருந்தது. சிரித்தால் இடது கண் தானாக மூடிக்கொள்கிறது. ஆறும்போது நரம்பு வழிமாறி முளைத்துவிடும், உதட்டுக்குப் போகிற செய்தி கண்ணுக்கும் போய்ச் சேரும், இது பலருக்கு நடப்பதுதான் என்றார் டொக்டர். பிள்ளைகள், மிஸ் கண்ணடிக்கிறார் என்று எடுத்துக்கொண்டார்கள். அவர் சிரிக்கும்போதெல்லாம் ஒரு வரிசை முழுக்கக் கண்ணடித்தது. அவர் விளக்கப் போகவில்லை.

பிரதாபனுக்குத்தான் அது பழகவில்லை. ஒருநாள் சாப்பாட்டு மேசையில் ஏதோ சொல்லிச் சிரிக்கவைத்துவிட்டு, மூடிய கண்ணைக் கண்டதும் சட்டென்று கோப்பையைப் பார்த்தார். கோணேஸ்வரி கறிச் சட்டியை நகர்த்தி வைத்துக்கொண்டே கேட்டார். "என்னப்பா, என்ர பேரை வைச்சு இப்ப ஒண்டும் சொல்லுறேல்ல?"

அவர் தலை நிமிரவில்லை. "சொல்ல மனம் வரேல்ல" என்றார்.

"எனக்கும் சொல்லாமல் இருக்கிறது பிடிக்கேல்ல."

அவ்வளவுதான் பேச்சு. இரண்டு கிழமை கழித்து மில்லிக்கனில் பிள்ளை பெரியவளான ஒரு சாமத்திய வீட்டில், கூட்டத்துக்கு நடுவே, பிரதாபன் மெதுவாகத் தொடங்கி அந்தப் பகிடியைச் சொன்னார். பழைய கெட்டித்தனம் இல்லை, முடிவில் குரல் தடுமாறியது. கோணேஸ்வரி எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

ஆனி மாதக் கடைசியில் ஒரு நாள், கடை திறக்குமுன், ஸ்ரீநிதி கோப்பி குடித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து, கோணேஸ்வரி, தான் இனி முன்மேசைக்கு வருவதாகச் சொன்னார்.

"இன்னும் கொஞ்சம் சரியாகட்டுமே அக்கா. அவசரம் ஒண்ணும் இல்லியே."

"இதுக்கு மேல சரிவராது எண்டு டொக்டர் சொல்லிட்டார். இதுதான் முகம், ஸ்ரீநிதி."

ஸ்ரீநிதி கோப்பையைக் கீழே வைத்தார். முகம் சிவந்துவிட்டது. நான் அப்படி நினைக்கலை என்று தொடங்கி, முடிக்காமல் விட்டார். பிறகு முன்மேசையில் தன் பொருட்கள் கிடந்ததைத் தானே எடுத்து ஒதுக்கினார். அதில் ஒரு வாடிய செடியும் இருந்தது.

முதலாவதாக வந்தவர் லொறி ஓட்டுகிற மனிதர், நடுத்தர வயது, பெரிய கை. பிரேம் தெரிந்தெடுத்து வைத்திருந்தார். உட்கார்ந்ததும் கோணேஸ்வரியை ஒருதரம் பார்த்துவிட்டு, முந்தி நின்ற பிள்ளை இல்லையோ என்று கேட்டார். இல்லை, இன்றைக்கு நான்தான் என்றார் கோணேஸ்வரி. இரண்டு கண்மணிகளுக்கும் இடையே உள்ள தூரத்தை அளக்க வேண்டும். கடையில் அதற்கு மெஷின் இருக்கிறது. அவர் அதைத் தொடுவதில்லை. மில்லிமீற்றர் கீறிய சின்ன அடிமட்டத்தை எடுத்து, கதிரையை முன்னுக்கு இழுத்து, அந்த மனிதரின் எதிரே முழங்கால் முட்டுகிற தூரத்தில் இருந்தார். அடிமட்டத்தை அவருடைய மூக்கில் வைத்தார். தன் வலது கண்ணை மூடினார்.

"என்ர இடது கண்ணைப் பாருங்கோ" என்றார்.

அந்த மனிதர் சுவரைப் பார்த்தார். கோணேஸ்வரியின் தோளைப் பார்த்தார். பின்னால் இருந்த பிரேம் தட்டுகளைப் பார்த்தார். கோணேஸ்வரி இரண்டாம் முறை சொல்லவில்லை. அடிமட்டம் அசையாமல், மற்றக் கையால் மேசை விளக்கைத் தன் முகத்தின் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, அந்த மனிதரின் கண்கள் தன் கண்ணுக்கு வரும்வரை அப்படியே இருந்தார்.